உடம்போடு வந்த சங்கிலி

எண்பதுகளின் கடைசியில் லண்டனில் ஓர் ஓவியக் கூடத்துக்கு நான் காவலாளி. பட்டம் பெற்றவன், நாற்காலியில் அமர்ந்து சுவரைப் பார்க்க அந்தத் தகுதி போதும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு குளிர்காலம் முழுவதும் என் காவலில் இருந்தவள் ஓர் அமெரிக்கப் பெண். முறையாக வரையக் கற்காமல், ஊர் ஊராகப் போய் முகம் வரைந்து பிழைத்த ஒருவன் அந்தக் காலத்தில் தீட்டிய படம். பலகைபோல் தட்டையான உடம்பு, கறுப்புச் சட்டை, தங்கச் சங்கிலி. தலையை யாரோ பிறகு கொண்டுவந்து வைத்ததுபோல் இருக்கும். தன்னிடம் முகம் வரையக் கேட்ட பெண்களுக்கெல்லாம் அவன் இதே சட்டையையும் சங்கிலியையும்தான் போட்டுவிட்டானாம். பக்கத்து அட்டையில் எழுதியிருந்தது. நான் தினமும் சிரித்தேன்.

மாசியில் யாழ்ப்பாணத்தில் அம்மா செத்துப்போனார். போக வழியில்லை, என் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. முப்பத்தோராம் நாள் சடங்குக்கு மாலை போட ஒரு படமாவது வேண்டும். கையிலிருந்தது அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம். முகம், கொஞ்சம் கழுத்து.

ஈஸ்ட் ஹாமில் படம் பெருப்பிக்கும் ஒருவரிடம் கொடுத்தேன்.

"யோசியாதேங்கோ அண்ணை. உடம்பு என்னட்டை இருக்கு."

உண்மைதான். எங்கள் ஆட்களில் பாதிப் பேரின் அம்மாக்கள் அவருடைய ஒரே பட்டுச்சேலையில்தான் சுவரேறியிருந்தார்கள். போன கிழமை ஃபாரஸ்ட் கேட் பக்கம் ஒரு செத்தவீட்டில்கூட அந்தச் சேலையைக் கும்பிட்டிருந்தேன்.

படம் வந்தது. அம்மாவின் கழுத்தில் பதக்கச் சங்கிலி.

"அப்பா இல்லையெண்டு சொன்னனீங்கள். தாலிக்கொடியை அழிச்சுப்போட்டன்."

"மற்றச் சங்கிலி?"

"அது உடம்போட வந்தது. அதையும் அழிச்சால் கழுத்து வெறுமையாக் கிடக்குமெல்லே?"

வெறுமையாகத்தான் கிடந்தது. நான் லண்டன் வர ஏஜென்டுக்குக் கட்டிய காசு அந்தக் கழுத்திலிருந்துதான் இறங்கியது. வேலை கிடைத்ததும் புதிதாக ஒன்று செய்து அனுப்புவதாகக் கடிதத்துக்குக் கடிதம் எழுதினேன். என் வசனநடை அம்மாவுக்குப் பிடிக்கும்.

இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கலாம்.

"வடிவாயிருக்கு தம்பி," என்றேன்.

முப்பத்தோராம் நாள், வெம்பிளியிலிருந்து வந்த, தெரிந்த அக்கா ஒருவர் படத்தின் முன் வெகுநேரம் நின்றார்.

"கழுத்து நிறைஞ்சு இருக்கிறா. நீர் மகனாய்க் குறையில்லாமல் பார்த்திருக்கிறீர்."

"ஓம் அக்கா," என்று சொல்லி, அவருக்கு இன்னொரு வடை வைத்தேன்.