ஜீப்பில் ஆறு இருக்கைகள்

பாலைவனம் பார்க்கும் ஆசை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் என் ஒரே தம்பி துபாயில் மணல்மேடுகளில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான். உல்லாசப் பயணிகளை ஹோட்டல் வாசலில் ஏற்றி, மணலில் குலுக்கி எடுத்து, கூடாரத்தில் சாப்பாடு கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவது அவன் வேலை. நான் ஊரைவிட்டு வரும்போது அவன் அரைக்கால்சட்டையோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு படத்தில்தான் பார்த்தேன்.

எங்களுக்கு ஜேர்மன் பாஸ்போர்ட் கிடைத்த கையோடு, கணவரின் தங்கைக்குச் சென்னையில் கல்யாணம் நிச்சயமானது. போகிற வழியில் துபாயில் இரண்டு நாள் இறங்குவது என்று தீர்மானித்தோம். தம்பி துள்ளிக் குதிப்பான் என்று நினைத்து போன் பண்ணினால், அவன் கையை விரித்துவிட்டான். பயணிகள் வந்து குவியும் காலமாம், லீவு கேட்கவே முடியாதாம். படுக்கையும் கூடாரத்துப் பக்கத்தில்தானாம்.

"அக்கா, என்னைப் பாக்கிறதெண்டால் ஒரு வழிதான் இருக்கு. எல்லாரையும்போல பதிஞ்சு போட்டு என்ர ஜீப்பில ஏறுங்கோ," என்றான்.

அதிலும் ஒரு கண்டம் இருந்தது. யாரோ ஒரு சாரதி தன் சொந்தக்காரரை ஓசியில் ஏற்றிப் பிடிபட்டதிலிருந்து, தெரிந்தவர்களை ஏற்றினால் வேலை போய்விடும் என்று அங்கே சட்டம். மனேஜர் மலையாளி. தமிழ்ப் பெயரில் ஒருவர் தமிழ்ச் சாரதியைக் கேட்டு எழுதினால் அவருக்கு விளங்காதா? அதோடு ஜீப்பில் ஆறு இருக்கைகள். பிள்ளைகளோடு நாங்கள் நாலு பேர். மிச்சம் இரண்டில் முன்பின் தெரியாதவர்கள் ஏறினால், நான் என் தம்பியோடு வாய் திறக்கவே முடியாது.

அந்த இரண்டு இருக்கைக்கு யாரைக் கூட்டிப்போகலாம் என்று, கணவர் நாங்கள் இருக்கும் ஜேர்மன் நகரமான பீலெஃபெல்டில் உள்ள தமிழரையெல்லாம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். எல்லாம் தமிழ்ப் பெயர்கள். போதாக்குறைக்கு, ஒருவரிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

கீழ்வீட்டு ஜேர்மன் அம்மாவை நான் நினைத்தே பார்க்கவில்லை. எப்படி நினைப்பேன்? மாடிப்படி துடைக்கும் முறை எனக்கு வரும் வாரமெல்லாம், துடைத்து முடித்த பிறகு அவர் வந்து மூலைகளைக் குனிந்து பார்ப்பார். நான் மிளகாய் பொரித்தால் கீழே ஜன்னல் படாரென்று சாத்தப்படும். குப்பையைத் தவறான தொட்டியில் போட்ட அன்று எடுத்துக்கொண்டுவந்து கதவைத் தட்டியவர். நானும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. எங்கள் வாக்குவாதம் மூன்றாம் மாடிவரை கேட்கும்.

அந்த வாரம் நான் அழுதுகொண்டே படி துடைத்தேன். வழக்கம்போல மூலை பார்க்க வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டார். என் அரைகுறை ஜேர்மனில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மூலையைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டார். மறுநாள் மாலை எங்கள் மணியை அடித்தார். வருஷாவருஷம் ஒரே கடற்கரைக்குப் போய் அலுத்துவிட்டதாம், இந்த முறை தன் கணவர் பாலைவனம் பார்க்கட்டுமாம். ஆறு பேருக்கும் தன் பெயரிலேயே பதிந்துவிடுவதாகச் சொன்னார். அவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவர் மரம் மாதிரி நின்றார்.

எங்கள் சமையலறையில் இருந்துதான் தம்பியையே சாரதியாகக் கேட்டு அவன் கம்பெனிக்குக் கடிதம் எழுதினோம். நண்பர்கள் இந்தச் சாரதியை மெச்சினார்கள் என்று எழுதலாம் என்றேன். அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டார். தான் பொய் எழுதுவதில்லையாம். கொஞ்சம் யோசித்துவிட்டு, நீ மெச்சினாய்தானே, அப்படியானால் அது பொய் இல்லை என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லி எழுதி முடித்தார். பிள்ளைகளுக்கு, மாமா என்று கூப்பிடக் கூடாது என்று பழக்கினேன். தம்பிக்கு மிளகாய் தூக்கலாகப் போட்டுத் தட்டை வடை சுட்டேன். அன்று கீழே ஜன்னல் சாத்தப்படவில்லை.

ஹோட்டல் வாசலில் மனேஜர் கையில் பட்டியலோடு நின்றார். ஜீப்பிலிருந்து நெடுநெடுவென்று ஒருவன் இறங்கினான். அப்பாவின் மூக்கு.

"குட் ஈவினிங், மேடம்," என்றான் என்னைப் பார்த்து.

கூடப்பிறந்தவன் என்னை மேடம் என்றான். நானும் தலையை ஆட்டிவிட்டு ஏறினேன்.

மணலில் கதைக்கலாம் என்று இருந்தோம். அங்கே வயிறு வாய்க்கு வந்தது. அவன் ரோட்டை, இல்லை, ரோட்டே இல்லாத மணலைப் பார்த்து ஓட்ட வேண்டியிருந்தது. முகத்தைத் திருப்பவே முடியவில்லை. நான் கத்தியதற்கு மட்டும், "அம்மாவைப்போலவே கத்துறியள்," என்று சிரித்தான். பின்னால் இருந்து அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டே போனேன். கூடாரத்துக்கு வந்தால் மனேஜர் எங்களுக்கு முதலே வந்து நிற்கிறார். சாரதிகள் ஒரு பக்கம், விருந்தினர் ஒரு பக்கம். இவ்வளவு பாடுபட்டும் இவ்வளவுதானா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சாப்பாடு வந்ததும் கீழ்வீட்டு அம்மா எழுந்து நேரே மனேஜரிடம் போனார். தன் மாத்திரையை ஜீப்பில் விட்டுவிட்டதாகவும், என்னைக் காட்டி, தனக்குக் கால் ஏலாது, இவள் போய் எடுக்கட்டும், சாரதி வந்து திறந்துவிடட்டும் என்றும் கட்டளை மாதிரிச் சொன்னார். அவர் மாத்திரை எடுப்பவரே அல்ல.

ஜீப்புக்குப் பின்னால் தம்பி என் தோளில் முகம் வைத்து அழுதான். நானும் அழுதேன். பிறகு நின்றபடியே வடையைக் கடித்து, "அம்மான்ர கைப்பக்குவம், அக்கா," என்றான். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் நான் அவ்வளவு தூரம் போனேன். அது எனக்குக் கிடைத்தது.

திரும்பி வந்தபோது மனேஜர் பார்த்துக்கொண்டு நிற்க, அந்த அம்மா கையை நீட்டினார். கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. மடித்த கடதாசியில் மிஞ்சியிருந்த வடைத் துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தேன். மிளகாய் வாடைக்கு ஜன்னல் சாத்திய அந்த மனுஷி, அதை மாத்திரைபோல வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். முகம் சிவந்து கண்ணீர் வழிந்தது. இருமி முடித்ததும் மனேஜரைத் திரும்பிப் பார்த்து, இப்போது சுகமாக இருக்கிறது என்றார்.