வேகாத நாற்காலி

ஹுமைராவுக்குக் கோபமே வராது. அவளுக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட வேண்டியிருந்தது.

பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பெண். 2007இல், புதுவாயல் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கம்பெனியில் என் பக்கத்து மேஜை அவளுடையது. அச்சு வெட்டுவதற்கு முன்பே, உருகிய பிளாஸ்டிக் அதற்குள் எப்படி ஓடும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது அவள் வேலை. பிளாஸ்டிக் இரண்டு கிளையாகப் பிரிந்து, ஆறிப்போன பிறகு சேர்ந்தால் அந்த இடம் சரியாக ஒட்டாது. பருமனான ஆள் சாய்ந்தால் அங்கேதான் முறியும். கல்யாண மண்டபத்தில் யாராவது நாற்காலியோடு விழுந்தால் ஊரே சிரிக்கும். ஹுமைராவுக்கு அழுகை வந்துவிடும்.

அந்த வருஷத்துப் புது நாற்காலியின் முதுகில் அப்படி ஓர் இடம் இருந்தது. பிளாஸ்டிக் நுழையும் வாயைத் தள்ளிவைத்து மறுபடி ஓட்டினாள். முதலாளிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. விஜயதசமி காலை நல்ல நேரத்தில் அச்சுக்கு இரும்பு வெட்டத் தொடங்குவார்கள். அதற்குள் விடை வந்தால் அவள் மேஜை இருக்கும், வராவிட்டால் இல்லை என்று சொல்லிவிட்டார். அவளுடைய கிழட்டுக் கம்ப்யூட்டருக்கோ ஒரு முறை ஓட்டவே மூன்று நாள் வேண்டும். நடுவில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்துதான்.

நடுவில் வந்தது ஆயுத பூஜை.

ஃபோர்மேன் வரதன் அண்ணன் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். பூஜை விஷயத்தில் அவர் கறார். அன்றைக்கு ஒரு மெஷினும் ஓடக்கூடாது.

"இன்னாமா, உன்னுது மட்டும் ஓடிக்கினு இருக்குது? ஆஃப் பண்ணு, பொட்டு வைக்கணும்."

வேண்டாம் என்றால், பொட்டுதான் வேண்டாம் என்கிறாள் என்று யாராவது எடுத்துக்கொள்வார்களோ என்று ஹுமைராவுக்குப் பயம். அவள் கை சுவிட்சுப் பக்கம் போனதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணே, ரெண்டு நாளா ஓடிக்கினு இருக்குது. இப்ப நிறுத்துனா நாளைக்கு அவளுக்கு வேலை இல்ல. உங்க பூஜைக்கு அவ பொழப்புதான் கெடச்சுதா?"

அவர் என்னை முறைத்துவிட்டு அவளிடம் திரும்பினார்.

"உள்ள இன்னாமா நடக்குது?"

"உருகுன பிளாஸ்டிக் போய்க்கினு இருக்குண்ணே. இன்னும் முதுகுக்குப் போவல."

குனிந்து திரையைப் பார்த்தார். "சாமிக்குப் பொங்கல் வேவும்போது அடுப்ப அணைச்சுட்டா படைக்கிறோம்? வேவட்டும்."

போகிற போக்கில் எங்கள் ஃபேன் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுப் போனார். கறார் எங்கே போகும்?

விஜயதசமி காலை விடை வந்தது. அவள் நினைத்தபடியே இரண்டு கிளையும் சூடு ஆறாமல் சேர்ந்திருந்தன. அப்படியே வெட்டுங்கள் என்றார் முதலாளி. மேஜை தப்பியது.

ஹுமைரா நேராக வரதன் அண்ணனிடம் போனாள்.

"வெந்துடுச்சுண்ணே. இப்ப வந்து பொட்டு வைங்க."

அவர் தன் டூல்ஸ் அலமாரியைத் திறந்தார். ஒரு தட்டில் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், ஒரு பொட்டலம் பொரி.

"நேத்தே எடுத்து வெச்சிட்டேன். எல்லாத்துக்கும் பண்ணிட்டு உன் மெஷினை உட்டுட்டா நல்லாவா இருக்கும்?"

அவளே கம்ப்யூட்டரை அணைத்தாள். எந்த நாற்காலியும் முறியாமல் ஹுமைரா அழுது நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.