திமிங்கில சாருக்குப் போட்ட வரம்பு

அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் அவளை எல்லோரும் சர்வரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். மூன்றாம் மாடியில், ஏசி போட்ட கண்ணாடி அறைக்குள் இருந்த பெரிய கணினி அவள் பொறுப்பு. அறுபது பேர் அவரவர் மேசையிலிருந்தே அதற்குள் நுழைந்து வேலை செய்வார்கள். பதினேழு வருடமாக அதன் விசிறி இரைச்சலில் ஊறிப்போனவள், வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதே எங்கோ மிதந்து போய்விடுவாள். பேருந்து ஓட்டுநரான கணவர், "பின்னாடி சீட்ல இருக்கிறவங்க கொஞ்சம் முன்னாடி வாங்க" என்று கூப்பிட்டுத்தான் அவளைத் திரும்பக் கொண்டுவருவார்.

ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்குக் கணினி உறைந்தது. அந்த வாரத்தில் மூன்றாவது தடவை. காரணம், திமிங்கில சார். கடலுக்கடியில் மைக் இறக்கிப் பதிவு செய்த ஒலிகளில் திமிங்கிலக் குரலைத் தேடும் அவருடைய புரோகிராம், இருந்த மெமரி மொத்தத்தையும் விழுங்கி ஏப்பம் விட்டிருந்தது.

அவள் அறை வாசலில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

"அவர் அக்கவுண்டையே மூடிடுங்க. என் ரெண்டு நாள் வேலை போச்சு!" என்று பொரிந்து தள்ளினார் புள்ளியியல் மேடம்.

"மூடறது பெரிய விஷயமில்ல மேடம். என்னன்னு பாத்துட்டு வரேன்."

கணினியை மறுபடி கிளப்பிவிட்டு அவர் அறைக்குப் போனாள். நீலத் திரைச்சீலை வழியே வந்த வெயில், தண்ணீருக்குள் விழுந்ததுபோல் தரையில் அசைந்தது. அவர் குற்றவாளிபோல் எழுந்து நின்றார்.

"உட்காருங்க சார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் திரையில் ulimit என்ற கட்டளையைத் தட்டினாள். "இந்த விண்டோல நீங்க ஓட்டற எதுவும் இனி இந்த அளவுக்கு மேல மெமரி எடுக்க முடியாது. மீறினா உங்க புரோகிராம் மட்டும்தான் விழும். மத்தவங்க தப்பிச்சாங்க."

"விண்டோவ மூடிட்டா?"

"வரம்பும் அதோட போயிடும். மறுபடி போடணும்."

அவள் போட்ட எண் ரொம்பக் கறார். புரோகிராம் வாயைத் திறப்பதற்குள் விழுந்தது. வரம்பை ஏற்றிப் பார்த்தாள், கணினி மறுத்துவிட்டது.

"அவசரப்பட்டுட்டேன் சார். இப்படிக் கெட்டியா இறக்கின வரம்ப அந்த விண்டோலயே திரும்ப ஏத்த முடியாது." அந்த விண்டோவை மூடி வேறொன்றைத் திறந்தாள். இம்முறை, வேண்டுமானால் அவரே தளர்த்திக்கொள்ளும்படி கட்டளையோடு ஒரு எழுத்தைச் சேர்த்து, நாலு ஜிபி என்று வைத்தாள்.

புரோகிராம் நன்றாக ஓடியது, பிறகு விழுந்தது. மறுபடி ஓட்டினார்கள். அதே இடத்தில், அதே பதிவில் விழுந்தது. இதுவரை எல்லாமே சேர்ந்து உறைந்துபோனதால் எதில் கோளாறு என்று தெரியாமலே இருந்தது. இப்போது கடைசி வரியில் அந்தப் பதிவின் பெயர் நின்றது. மற்றவை பத்துப் பத்து நிமிடம். இது மட்டும் மூன்று நாள் நீளம்.

"அன்னிக்குப் புயல்மா" என்றார் அவர் மெல்ல. "மைக்க மேல எடுக்க முடியல. அது பாட்டுக்கு ஓடிட்டிருந்திருக்கு."

அதைப் பத்து நிமிடத் துண்டுகளாக வெட்டி ஓட்டினார்கள். மூன்று மணிவாக்கில் புரோகிராம் ஓரிடத்தைக் காட்டியது. அவர் கேட்டார், ஹெட்போனைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

மேலே எங்கோ புயல். அடியில் பெரிய அமைதி. அதற்குள்ளிருந்து தாழ்ந்த, நீண்ட ஒரு குரல் எழுந்தது. காதைவிட நெஞ்சில்தான் அதிகம் கேட்டது. அது ஓய்ந்தபின், வெகு தூரத்திலிருந்து இன்னொரு குரல்.

"ஆறு வருஷமா ஒத்தைக் குரல்தான்மா கெடச்சுது" என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

தன் அறைக்குத் திரும்பி, அறுபது பேருக்கும் வரம்பு வைத்தாள், தனக்கும் சேர்த்துத்தான். புள்ளியியல் மேடம் எட்டிப் பார்த்து, "மூடிட்டீங்களா?" என்றார்.

"இல்ல மேடம். நாளைக்கு அவர் ரூமுக்கு ஒரு நடை போயிட்டு வாங்க."

மாலை வீட்டுக்கு நடந்தாள். ஹாரன்கள் எல்லாம் தண்ணீருக்கு மேலிருந்து வருவதுபோல் கேட்டன. தன் தெருவைத் தாண்டி இரண்டு தெரு போன பிறகுதான் நின்றாள். திரும்பி நடந்தாள், அவசரமில்லாமல்.