பெவின் சொன்ன வாடை

என் தங்கை ஜெர்லினுக்குக் காற்றை அளப்பதுதான் வேலை. நாசரேத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் எனக்கு அது ஒரு வேலையாகவே படவில்லை. எந்தப் படியில் அளப்பாய் என்று கேலி செய்தேன். அவள் கோபித்துக்கொள்ளாமல் மணப்பாட்டுக்குக் கூட்டிப்போனாள்.

கடற்கரையில் ஒரு சின்ன அறை. மேசைமேல் அவள் பல வருஷம் பாடுபட்டுச் செய்த லேசர் கருவி. கண்ணுக்குத் தெரியாத ஒளி அதிலிருந்து கிளம்பி, கரையின் மறுகோடியில் நிற்கும் கண்ணாடியில் பட்டுத் திரும்புகிறது. வழியில் அம்மோனியா இருந்தால் ஒளியில் கொஞ்சத்தை விழுங்கிவிடுமாம். அந்தக் குறைவை வைத்து, நூறு கோடி மூலக்கூறுகளுக்கு நடுவே அம்மோனியா ஐந்தாறு இருந்தாலும் கருவி சொல்லிவிடுமாம். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. என் கடையில் ஒரு குத்துவிளக்கு காணாமல் போனாலே எனக்குத் தெரிய ஒரு வாரம் ஆகும்.

ஆனால் அந்தக் கருவி சண்டித்தனம் செய்தது. ஜெர்லின் தூத்துக்குடி ஆய்வுக்கூடத்தில் இருந்தபடி கணினியில் அளவைப் பார்ப்பாள். அறையைக் கவனித்துக்கொள்ளும் பெவினுக்குப் போன் போட்டு, அங்கே வாடை அடிக்கிறதா என்று கேட்பாள். பெவின் கடலுக்குப் போய்ப் பழகியவர். அவர் அடிக்கிறது என்றால் கருவி ஒன்றுமில்லை என்றது. அவர் அடிக்கவில்லை என்றால் அளவு எகிறியது. காற்றின் திசை காட்டும் கருவியும் உப்பு அரித்து நின்றுபோயிருந்தது. லென்ஸை மாற்றினாள், கண்ணாடியை மாற்றினாள், பலனில்லை. கடைசியில் மேலிடம் சொல்லிவிட்டது: கழற்றிக் கொண்டுவா, திட்டத்தை மூடிவிடலாம். ஜெர்லின் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

கருவியை ஏற்ற என் வேனில்தான் போனோம். வாசலிலேயே பெவின், இன்றைக்கு வாடை பலமாக அடிக்கிறது என்றார். நானும் ஜெர்லினும் மூக்கை உறிஞ்சினோம். ஒன்றும் தெரியவில்லை.

"எங்க அடிக்குது பெவின்? ஒரு நாத்தமும் வரலையே" என்றாள் ஜெர்லின்.

"நாத்தமா? நான் வாடைக்காத்தைல்லா சொல்லுதேன் அக்கா. இந்தா, வடக்கேருந்து மூஞ்சில அடிக்குதே."

எங்களுக்கு வாடை என்றால் நாற்றம். கடலுக்குப் போகிறவருக்கு அது வடகாற்று. அறைக்கு வடக்கே வெறும் மணல். தெற்கேதான் கருவாடு காயப்போடும் களம்; அம்மோனியா கிளம்புவது அங்கிருந்துதான். ஜெர்லின் மணலில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

மத்தியானம் காற்று திரும்பித் தெற்கிலிருந்து வீசியது. திரையில் கோடு விறுவிறுவென்று ஏறியது. அதற்கப்புறம்தான் கருவாட்டு நாற்றம் என் மூக்குக்கு எட்டியது. பெவினோ ஆழமாக இழுத்துப் பார்த்துவிட்டு, நல்ல காற்றுதானே என்றார். அவர் பிறந்ததிலிருந்து சுவாசிப்பது அதைத்தான். மூன்று பேர் மூக்கையும் முந்திக்கொண்டுவிட்டது அந்த ஒளி.

ஜெர்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலிடத்துக்குப் போன் போட்டாள்.

"கருவியைக் கொண்டு வரலை சார். அது சரியாத்தான் சொல்லியிருக்கு. நாங்கதான் கேள்வியைத் தப்பாக் கேட்டுட்டோம்."