மாமனார் கையில் சைக்கிள் விளக்கு

இன்னைக்கு மாமனார் வூட்டுல வசமா மாட்டிக்கிட்டேன்.

நல்லம்பள்ளியில சைக்கிள் கடை வச்சிருக்கிறவன் நான். பொறந்த வூட்டுல இருக்கிற பொண்டாட்டியைப் பார்க்க மத்தியானம் பொம்மிடிக்கு வந்தேன். பொழுது சாய்ஞ்சதும் கெளம்பியாகணும். நாளைக்குச் சந்தை, கடை தொறக்கணும். ஆனா வர்ற வழியில சைக்கிள் குழியில எறங்குனதுல அதோட மண்ணெண்ணெய் விளக்குல திரி மேல ஏற மாட்டேங்குது. விளக்கில்லாம இருட்டுல போனா போலீஸ்காரர் பிடிச்சுக்குவார்.

திருகாணியைக் கொஞ்சம் தளர்த்தினா போதும். கையை நீட்டினேன். மாமனார் விளக்கைப் பிடுங்கிக்கிட்டார்.

"நீங்க உக்காருங்க மாப்ள. எங்க வூட்டுல உங்க கையில மசி பட்டா ஊரு என்னைத்தான் பேசும்."

"அதுதாங்க மாமா என் தொழிலே."

"அது உங்க கடையில."

உக்கார்ந்தேன். என் கண்ணெதிரே கொறடு வச்சு இழுத்தார். திருகாணி முறிஞ்சுது. அடுத்து எண்ணெய்த் தொட்டியைக் கழட்டினார். இந்த உலகச் சண்டைக் காலத்துல வரிசையில நின்னு வாங்கின மண்ணெண்ணெய் அத்தனையும் வாசல்ல கொட்டிருச்சு.

"ராத்திரி தங்கிட்டு விடியக்காத்தால போங்க"ன்னார். முகத்துல வருத்தமே இல்லை. உள்ள கோழிக்கொழம்பு எப்பவோ கொதிக்க ஆரம்பிச்சிருந்துச்சு.

பொண்டாட்டி தண்ணி கொடுத்துட்டு மெதுவா சொன்னா: "தங்கச்சி வூட்டுக்காரரு விளக்கையும் அப்பா இப்படித்தாங்க ரிப்பேர் பண்ணாரு. அவரு ஊரு போய்ச் சேர ஒரு வாரம் ஆச்சு."

இதுல தப்பிச்ச மாப்ளைங்க யாராச்சும் இருந்தா சீக்கிரம் வழி சொல்லுங்க. மாமனார் இப்ப கொறடோட என் சைக்கிள் செயின்கிட்ட போய் உக்கார்ந்திருக்கார்.