நூறு சதவீதம் பருத்தி என்று எழுதியிருந்தது

1. ரிட்டர்ன் கவுண்டர்

பெண்கள் கூடி அடுப்பு கூட்டி அம்மனுக்குப் பொங்கலிடும் பொங்காலைத் திருவிழா முடிந்த மறுநாள் எங்கள் கடையின் ரிட்டர்ன் கவுண்டரில் கூட்டம் இருக்கும். ஒருமுறை உடுத்தித் துவைத்து மடித்துக் கொண்டுவந்து, "கரை பிடிக்கல சேச்சி, மாத்தித் தரணும்" என்று கேட்பவர்கள் எல்லா வருடமும் உண்டு. கிழக்கேகோட்டையில் ஜவுளிக்கடையில் நின்ற யாருக்கும் இது புதிதல்ல. அதனால் அன்று ஒரு பெண் பிளாஸ்டிக் பையைக் கவுண்டர்மேல் வைத்தபோது, முகத்தைக்கூடப் பார்க்காமல் பில்லைக் கேட்டேன்.

பையிலிருந்து கருகல் வாடை வந்தது. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

முப்பத்தைந்து வயதிருக்கும். பெயர் ஸ்ரீலதா என்றாள். கரமனையில் வீடு, அங்கன்வாடியில் டீச்சர். பையிலிருந்து எடுத்து விரித்தது பொன்னிறக் கரை போட்ட ஒரு கசவு சேலை. கீழ்ப்பாதி இல்லை. எரிந்த ஓரங்கள் உருகி, கறுத்துக் கட்டியாக இறுகியிருந்தன. முந்தானை மட்டும் அப்படியே இருந்தது. அதன் உள்மூலையில் தைத்த வெள்ளை லேபிளும் கசங்காமல் இருந்தது. நூறு சதவீதம் பருத்தி.

"அம்மைக்குக் கூட்டத்தில நிக்க வய்யாது. அதனால வீட்டு முற்றத்திலதான் அடுப்பு கூட்டினோம். தீ அம்மையோட சேலைத்தும்பில பிடிச்சது. உடனே தண்ணி கொட்டினேன். தீ அணைஞ்சுது. ஆனா சேலை காலோட ஒட்டிக்கிச்சு. பிய்ச்சு எடுக்க முடியல."

அவள் அழவில்லை. லேபிளைக் கவுண்டரில் வைத்து விரலால் அழுத்திக் காட்டினாள்.

"பைசா திருப்பித் தரணும்னு வரல, கேட்டோ. பருத்தியும் எரியும், ஆனா இப்படி உருகாதுன்னு டாக்டர் சொன்னாரு. இதில பருத்தின்னு எழுதியிருக்கு. எழுதினது ஆரு? அதை மட்டும் சொல்லுங்க."

 லேபிள் அடித்தவரைக் கேட்டால் ஆர்டர் கொடுத்தவர் சொன்னபடி அடித்தேன் என்பார். தைத்தவரைக் கேட்டால் கொடுத்ததைத் தைத்தேன் என்பார். கடைக்காரர் வந்ததை விற்றேன் என்பார். எங்கள் தொழிலில் லேபிளுக்குத் தகப்பன் கிடையாது.

சேலை வந்த பாலிபேக் இருக்கிறதா என்று கேட்டேன். வைத்திருந்தாள். அதன் ஸ்டிக்கரில் சப்ளையர் பெயரும், எந்தத் தொகுதிச் சரக்கு என்று காட்டும் லாட் எண்ணும் இருந்தன. சேலையையும் அவளுடைய போன் நம்பரையும் வாங்கிக்கொண்டு, "நான் கூப்பிடுதேன்மா" என்றேன். நம்பினாளா என்று தெரியாது. போய்விட்டாள்.

2. ஊடை

அந்த லாட்டில் விற்காமல் ரேக்கில் மிச்சமிருந்த சேலைகளை எடுத்தேன். சிலவற்றிலிருந்து பாவு நூல் ஒன்றும் ஊடை நூல் ஒன்றும் உருவிக்கொண்டு பின்வாசலுக்குப் போய்த் தீக்குச்சி கிழித்தேன். நெய்யும்போது நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. பாவு நூல் காகிதம் போல எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலானது. ஊடை நூல் சுருங்கி, உருகி, நுனியில் கறுப்பு மணியாகத் திரண்டது. பிளாஸ்டிக் நாற்றம். நகத்தால் நசுக்கினேன், உடையவில்லை.

யாரிடமும் கேட்காமல் அந்தச் சேலைகளை எல்லாம் இறக்கி கோடவுனில் அடுக்கினேன். அதன்பிறகுதான் முதலாளி அறைக்குப் போனேன்.

முதலாளி திருநெல்வேலிக்காரர். அவருடைய அப்பா சாலை பஜாரில் சின்னக் கடையாகத் தொடங்கியதை இவர் கோட்டைப் பக்கம் பெரிய கடையாக்கினார். வேலைக்காரர்களிடம் குரல் உயர்த்தமாட்டார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார்.

"இங்க பாரு செண்பகம், பொங்காலை முடிஞ்சுட்டு. மிச்சம் இருக்கது கொஞ்சந்தான். ஓரமா கெடக்கட்டும். அந்தப் பொண்ணுக்கு ஆஸ்பத்திரிச் செலவை நான் பாத்துக்கிடுதேன். நாம வாயத் தொறக்காண்டாம்."

"வித்துப்போன சேலை எல்லாம் எங்க இருக்கு மொதலாளி? பொங்காலைக்கு உடுத்தினதை அடுத்த மாசம் அடுக்களையிலதான் உடுத்துவாங்க."

அவர் போனை எடுத்துப் பரமசிவத்தைக் கூப்பிட்டார்.

பரமசிவம்தான் அந்த லாட்டை அனுப்பிய சப்ளையர். தென்காசிப் பக்கம் சொந்தமாக விசைத்தறிகள் வைத்திருந்தார். பல வருடப் பழக்கம். அவர் அனுப்பும் பேலை, அதாவது சேலைக்கட்டை, பிரித்துச் சோதிக்காமலே ரேக்குக்கு அனுப்புவோம். அத்தனை நம்பிக்கை. மறுநாள் மதியம் வந்து சேர்ந்தார். கருகிய சேலையைப் பார்த்ததும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"நூல் வெலை ஏறிப் போச்சு அண்ணாச்சி. ஊடைக்குப் பாலியஸ்டர் கலப்பு நூல் போட்டேன். அது நெசந்தான். ஆனா லேபிள் நான் வேணும்னு போடல. பருத்திச் சேலைக்குன்னு அடிச்ச ரோல் மிச்சம் இருந்துச்சு. புள்ளைக அதையே தச்சுட்டாவ. நானும் வேண்டாம்னு சொல்லல. லேபிளை யாரு வாசிக்கா?"

"ஒரு அம்மா வாசிச்சிருக்காவே," என்றார் முதலாளி. எழுந்து கார் சாவியை எடுத்தார். "வாரும். செண்பகம், நீயும் வா."

3. வார்டு

தீக்காய வார்டில் ஒருவர் பின் ஒருவராகத்தான் விடுவார்கள். ஸ்ரீலதா சொன்னதால் மூன்று பேரையும் சற்று நேரம் நிற்க அனுமதித்தார்கள். அவளுடைய அம்மா சாரதா, அறுபதைத் தாண்டியவர். இடுப்புக்குக் கீழே துணி படாமல் இருக்க வளைவான கம்பிக்கூடு வைத்து, அதன்மேல் போர்த்தியிருந்தார்கள். முகத்தில் ஒரு காயமும் இல்லை. நெற்றியில் சந்தனம் வைத்திருந்தார்.

கடையிலிருந்து வந்திருக்கிறோம் என்று நான் சொன்னதும் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார்.

"தீப்பக்கம் நிக்கணுமில்லா, அதனால நோக்கி நோக்கித்தான் எடுத்தேன் மோளே. கவர்ல வாசிச்சேன். முந்தியில தச்சிருந்ததையும் வாசிச்சேன். ரெண்டிலயும் ஒண்ணுபோலத்தான் எழுதியிருந்துச்சு. எனக்குத் தெற்று பற்றல."

தான் தவறாக வாசிக்கவில்லை என்று அவர் எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மகளோ, வேறு யாரோ, "பாத்து வாங்கியிருக்கலாமே" என்று கேட்டிருக்கவேண்டும். வெந்த காலோடு கிடந்தவர் அதற்குச் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. என்னால் அங்கே நிற்கமுடியவில்லை.

பிறகு சாரதாம்மா பரமசிவத்தைப் பார்த்து, "இவரு ஆரு?" என்றார்.

முதலாளி வாய் திறக்கும் முன்னே பரமசிவம் சொன்னார். "சேலை நெய்தது நான்தாம்மா."



"கரை நல்லாயிருந்துச்சு," என்றார் சாரதாம்மா. "அது கண்டுதான் எடுத்தேன்."

பரமசிவம் கைகூப்பிவிட்டு வெளியே போனார். நாங்கள் வெளியே வந்தபோது ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். காரில் திரும்பும் வழியில், தம்பானூர் சிக்னலில் நின்றபோது முதலாளி கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"போர்டு வச்சிரு செண்பகம். மலையாளத்திலயும் தமிழிலயும். இந்த லாட்டு சேலைய தீப்பக்கம் உடுத்தாண்டாம், கொண்டு வந்தா துட்டு திருப்பித் தாறோம்னு எழுது. வாசல்லயே வை."

அதன்படி வாசலில் வைத்தோம். பில்லில் நம்பர் கொடுத்தவர்களைப் போனில் கூப்பிட்டேன். சிலர் திட்டினார்கள். சிலர் சேலையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சிலர், "இது துவைச்சா கசங்கல சேச்சி, நல்ல சேலை, நான் தரமாட்டேன்" என்றார்கள். அவர்களிடம் அடுக்களையில் மட்டும் உடுத்தவேண்டாம் என்று கெஞ்சினேன். பக்கத்துக் கடைக்காரர்கள் எங்கள் போர்டைப் போட்டோ எடுத்துச் சிரித்தார்கள். அந்த மாதம் கடையில் கூட்டமே இல்லை.

சாரதாம்மா பிழைத்துவிட்டார். தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்தார்கள். ஆனால் முட்டி முழுதாக மடங்குவதில்லை. தரையில் குந்த முடியாது என்று ஸ்ரீலதா பின்னால் சொன்னாள். செலவை முதலாளியும் பரமசிவமும் ஏற்றுக்கொண்டார்கள். பணம் கட்டியதால் கால் சரியாகிவிடவில்லை.

4. சப்ளையர்களுக்குச் சொன்னது

அதுவரை, சரக்கு வந்து இறங்கும் எங்கள் இன்வர்டு செக்‌ஷனில் பேலை எண்ணி, விலை ஸ்டிக்கரும் பார்கோடும் ஒட்டினால் வேலை முடிந்தது. முதலாளி என்னை ரிட்டர்ன் கவுண்டரிலிருந்து எடுத்து அங்கே போட்டார். சப்ளையர் ஒவ்வொருவருக்கும் புது நிபந்தனை எழுதி அனுப்பினோம்.

நூலின் பெயரும் சதவீதமும் துணியில் தைத்த லேபிளில் இருக்கவேண்டும். ஸ்டிக்கர் மட்டும் போதாது, ஏனென்றால் பாலிபேக்கோடு அது குப்பைக்குப் போய்விடும். எழுத்து துவைத்தால் அழியக்கூடாது. மலையாளத்தில் கட்டாயம் இருக்கவேண்டும். லேபிளில் எழுதியதும் பாலிபேக்கில் எழுதியதும் அட்டைப்பெட்டிமேல் எழுதியதும் ஒன்றாக இருக்கவேண்டும். ஒரு பெட்டிக்குள் இரண்டு லாட் கலக்கக்கூடாது. கலப்பு நூல் என்றால் தீயை விட்டு விலகி நிற்கச் சொல்லும் வரி வேண்டும். நூல் மாறினால் பழைய லேபிள் ரோலைக் கத்தரித்துப் போட்டுவிட்டுத்தான் புது லாட் தைக்கவேண்டும்.

போனில் வசவு வந்தது. "சேலை வாங்குதீகளா, பொண்ணு எடுக்கீகளா? இம்புட்டுக் கண்டிஷனா?" என்று ஒரு சப்ளையர் கேட்டார். சிலர் எங்களுக்குச் சரக்கு அனுப்புவதையே நிறுத்தினார்கள்.

பரமசிவம் நிறுத்தவில்லை. அடுத்த லாட்டைத் தானே கூட வந்து இறக்கினார். பருத்தி தனி, கலப்பு தனி. கலப்புச் சேலையில் பருத்தி அறுபது, பாலியஸ்டர் நாற்பது என்றும், அடுப்புப் பக்கம் உடுத்தாதீர்கள் என்றும் பெரிய எழுத்தில் தைத்திருந்தார். அவை விற்கவே இல்லை. வாசித்ததும் திரும்ப மடித்து வைத்துவிட்டுப் போனார்கள். சேல்ஸில் நின்ற பெண்கள், "லேபிளைக் கொஞ்சம் உள்ளே மடக்கித் தச்சாலென்ன சேச்சி?" என்று கேட்டார்கள். முதலாளியிடம் சொன்னபோது, "விக்கலேன்னா விக்காண்டாம்" என்றார். பரமசிவம் அவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். முகத்தில் வருத்தம் இருந்தது. கோபம் இல்லை.

5. காலி ரேக்

சில வருடங்கள் கழித்து, ஒரு பொங்காலை சீசனுக்கு வேறு ஒரு பெரிய சப்ளையரிடம் மொத்தமாக ஆர்டர் கொடுத்திருந்தோம். சரக்கு தாமதமாக, திருவிழா நெருங்கியபோதுதான் வந்தது. லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி எல்லாம் நாங்கள் கேட்டபடி ஒரு குறையும் இல்லை. பெட்டியின் மேலே இருந்த சேலையில் நூல் எடுத்து எரித்தேன். சுத்தப் பருத்தி.

இந்த இடத்தில்தான் புதிதாக இன்வர்டுக்கு வருகிறவர்கள் ஏமாறுவார்கள். மேலே இருப்பது நமக்குக் காட்டவென்று வைத்தது. அடிவரை போகவேண்டும். பெட்டியைக் கவிழ்த்து அடியில் இருந்ததை எடுத்து எரித்தேன். உருகியது. அடுத்த பெட்டியிலும் அடியில் இருந்தவை உருகின. எந்தப் பெட்டியிலும் எது நல்லது, எது கலப்பு என்று பிரிக்க நேரம் இல்லை.

முதலாளியைக் கோடவுனுக்குக் கூட்டிவந்து எரித்துக் காட்டினேன். அதற்குள் அவருக்கும் வயதாகிவிட்டது. கறுத்த நுனியை விரலில் உருட்டிப் பார்த்தார்.

"வேற சரக்கு?"

"பரமசிவம் அண்ணாச்சியால கொஞ்சந்தான் அனுப்ப முடியும் மொதலாளி. ரெண்டு நாளுக்குக்கூடக் காணாது."

"அவரு அனுப்புதத விப்போம். இத லாரில ஏத்தித் திருப்பி அனுப்பிரு."

அந்த வாரம் கோட்டையைச் சுற்றிலும் கசவு சேலைக் கூட்டம். எங்கள் கடையில் பரமசிவத்தின் சேலைகள் தீர்ந்த பிறகு ரேக் காலியாகக் கிடந்தது. பெண்கள் உள்ளே வந்து, பார்த்து, அடுத்த கடைக்குப் போனார்கள். பல வருட வாடிக்கையாளர்கள் சிலர் அதன்பிறகு திரும்பி வரவே இல்லை. சேல்ஸ் பெண்கள் கவுண்டரில் சும்மா நின்றார்கள்.

இந்த வேலையில் ஒன்று கற்றேன். லேபிள் என்பது நாம் ஒருபோதும் பார்க்கப் போகாத ஒருவருக்கு நாம் கொடுக்கும் வாக்கு. அதைக் காப்பாற்றினால் யாரும் நன்றி சொல்ல வரமாட்டார்கள், ஏனென்றால் காப்பாற்றப்பட்டது அவர்களுக்கே தெரியாது. நஷ்டம் மட்டும் கண்ணுக்குத் தெரியும். அதைத் தாங்கப் பழகவேண்டும்.

ரேக் காலியான அன்று சாயங்காலம் முதலாளி சேலை செக்‌ஷனுக்கு வந்து, காலி ரேக்குக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"இத்தன வியாபாரத்த விட்டாச்சு. இதனால ஆரு தப்பிச்சான்னு கேட்டா, ஒரு பேரு சொல்ல முடியுமா செண்பகம்?"

"முடியாது மொதலாளி," என்றேன். "தப்பிக்காத ஒருத்தரு பேரு நமக்குத் தெரிஞ்சதே போதும்."