தோற்க வந்த அணி

பெரம்பலூர்ப் பக்கம் தகுதி என்பது ஹாஸ்டல் ஸ்கூல் பீஸோடு சேர்த்துத்தான் கிடைக்கும். கல்லூரி அட்மிஷன் முடிந்த கையோடு பஸ் ஸ்டாண்டைச் சுற்றி பிளெக்ஸ் முளைத்துவிடும். கோட்டுப் போட்ட பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். கீழே உழைப்பு, விடாமுயற்சி என்று ஏதாவது எழுதியிருக்கும். அந்த உழைப்பில் பெற்றோருக்கு எவ்வளவு பங்கு என்று அதில் போடுவதில்லை. நான் தா.பழூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் விளையாட்டு டீச்சர். பெற்றோர் உழைப்பதை ஒரு நாள் முழுக்கப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஏதோ ஒரு விளையாட்டுச் சங்கத்தின் மாவட்டச் செயலாளர் என்று ஒருவர் போன் செய்ததில் ஆரம்பித்தது. எந்த விளையாட்டு என்று சொல்லமாட்டேன், சொன்னாலும் உங்களுக்குத் தெரியாது. இதற்கென்றே படித்துப் பட்டம் வாங்கிய எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். இரண்டு பக்கமும் கம்பத்தில் ஒரு வளையம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது; நின்ற இடத்திலிருந்து எறிந்து வளையத்துக்குள் விட வேண்டும். முதலில் ஐந்து கோல் போடும் அணி ஜெயித்ததாகக் கணக்கு. நேரக் கணக்கெல்லாம் கிடையாது.

"டீச்சர், அவசரமா ஒரு டீம் வேணும். நம்மகிட்ட ரெண்டு இருக்கு. மூணு இருந்தாத்தான் மாவட்டப் போட்டின்னு ஏத்துக்குவாங்க."

இருந்த இரண்டும் அரியலூரைத் தாண்டிப் பெரம்பலூர் போகும் வழியில் இருக்கும் ஒரே ஹாஸ்டல் ஸ்கூலின் ஏ டீமும் பி டீமும். ஜெயிக்கிற அணி மாநிலப் போட்டிக்குப் போகும். அங்கே போய் நின்றுவிட்டு வந்தாலே சான்றிதழ். அது கையில் இருந்தால் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாம். மார்க் எட்டாத பிள்ளைகளுக்குப் பெரிய வீடுகளில் திடீரென்று விளையாட்டு ஆர்வம் வருவது இப்படித்தான்.

"எங்க புள்ளைங்களுக்கு இந்த ஆட்டமே தெரியாதே சார்."

"தெரியாம இருக்கறதுதான் டீச்சர் நல்லது. ஜெயிக்கணும்னு அவசியமே இல்ல, வந்தா போதும். வேன் அனுப்புறோம், மத்தியானம் பிரியாணி."

போனை வைத்துவிட்டு அந்த ஆளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆனாலும் ஒத்துக்கொண்டேன். காரணம், பிளஸ் டூவில் படித்த ஒரு பெண். வீட்டில் ஆடு வளர்க்கிறார்கள், இவளுக்குக் கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும். நன்றாகப் படிப்பாள், ஆனால் கட் ஆஃப் கொஞ்சம் இடிக்கும் என்று தெரிந்திருந்தது. அரசுப் பள்ளி ஒதுக்கீடும் அவளுக்குக் கிடையாது. அதற்கு ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்; இவள் எட்டாவது வரை பக்கத்து ஊரில் அரசு உதவி பெறும் பள்ளியில் படித்துவிட்டாள். அதே சத்துணவு, அதே இலவச சைக்கிள், ஆனால் அது வேறு கணக்காம். ஜெயித்து அந்த மாநிலச் சான்றிதழ் கிடைத்தால் அவள் பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

எறிவதில் அவளை அடிக்க ஆளில்லை. கடலைக் கொல்லையில் மயில் விரட்டி வந்த கை அது. மயில்மேல் கல் பட்டால் வனத்துறை கேஸ் போடும், படாவிட்டால் மயில் அசையாது. அதனால் அதன் காலடிக்கு ஒரு சாண் தள்ளி விழுகிற மாதிரி எறிய வேண்டும். அப்படி எறிகிறவளுக்கு வளையம் ஒரு விஷயமே இல்லை. அவளோடு எட்டுப் பேரைச் சேர்த்து, பழைய சைக்கிள் டயரை வேப்பமரத்தில் கட்டி நாலு நாள் பழகினோம்.

போட்டி அந்த ஹாஸ்டல் ஸ்கூல் மைதானத்தில்தான். அங்கே ஷாமியானா போட்டு, கூலர் வைத்து, பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள். எந்தச் சான்றிதழுக்கு எந்தக் காலேஜில் எவ்வளவு மதிப்பு என்று பேச்சு. பிள்ளைகளின் ஷூவில் விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை. பாவம், அந்தப் பெண்களைச் சொல்லிக் குற்றமில்லை. காலையில் பிசிக்ஸ் டெஸ்ட் எழுதவைத்து நேராக மைதானத்துக்குக் கூட்டிவந்திருந்தார்கள். ஆட்டத்துக்கு நடுவே ஒரு பெண் நடுவரிடம், "சார், நாங்க எந்தப் பக்கம் போடணும்?" என்று கேட்டது.

பி டீமை எங்கள் பிள்ளைகள் ஐந்துக்குப் பூஜ்யம் என்று முடித்தார்கள். ஏ டீமையும் அப்படியே. ஷாமியானாவில் கூலர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

செயலாளர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். "என்ன டீச்சர் இப்படிப் பண்ணிட்டீங்க?"

பின்னாலேயே ஏ டீம் கேப்டனின் அப்பாவும் வந்தார். அரியலூரில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர். அவர் மகளுக்கும் கால்நடை மருத்துவம்தான் குறி. "உங்க புள்ளைங்க முரட்டுத்தனமா ஆடுதுங்க மேடம். இதுல ஒரு டெக்னிக் இல்ல" என்றார். ஒரு ஹாஸ்டல் ஸ்கூல் மைதானத்தில் நின்றுகொண்டு, முறையான பயிற்சி இல்லாதவர்கள் ஜெயித்தால் அது நியாயமா என்று என்னிடமே கேட்டார்.

பிரியாணி வந்தது. சாப்பிட்டு முடித்ததும் செயலாளர் தீர்ப்பைச் சொன்னார். காலையில் நடந்தது வெறும் பயிற்சி ஆட்டமாம், இனிமேல்தான் போட்டியாம். எங்கள் அணி இல்லாவிட்டால் அது மாவட்டப் போட்டி ஆகாது. ஜெயித்துவிட்டாலோ போட்டியே ரத்து, யாருக்கும் ஒன்றும் கிடையாது. நாங்கள் இருக்கவும் வேண்டும், ஜெயிக்கவும் கூடாது. ஒழுங்காகத் தோற்றால் மூன்றாம் இடம் என்று எட்டுப் பேருக்கும் சான்றிதழ் தருவாராம்.

"கிளம்புங்கடி, போலாம்" என்றேன்.

மயில் விரட்டியவள் அசையவில்லை. "பிரியாணி சாப்ட்டாச்சே டீச்சர், இப்ப எப்டிப் போறது? நம்ம புள்ளைங்க யாருமே இதுவரைக்கும் ஒரு சர்டிபிகேட்டு வாங்கினதில்ல. மூணாவதுன்னாலும் இருந்துட்டுப் போவுது."

மாவட்டச் சான்றிதழ் ஒதுக்கீட்டுக்குச் செல்லாது, அந்த மூன்றாவதால் அவளுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று எடுத்துச் சொன்னேன். "தெரியும் டீச்சர்" என்றாள்.

இறங்கினார்கள். எட்டுப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பந்தை எடுக்கவில்லை, தடுக்கவில்லை. அப்படியும் ஏ டீமால் ஒரு கோல் போட முடியவில்லை. பந்து கம்பத்துக்கு முன்னால் விழுந்தது, பின்னால் விழுந்தது, ஒருமுறை ஷாமியானாவுக்குள் போய் யாரோ ஒருவர் மடியில் விழுந்தது. எதிரில் ஆளே ஆடாத ஆட்டத்துக்குப் பெற்றோர், "கமான், கமான்" என்று கத்தினார்கள். நான் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். வெயில் சாய ஆரம்பித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

வேன் ஜெயங்கொண்டம் வரைதான்; அங்கே கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவள் நடுவரிடம் போய் ஏதோ சொன்னாள். பிறகு நேராக டாக்டர் மகளிடம் போனாள்.

"ரெண்டு கையாலயும் எறியாதக்கா. ஒரு கையில புடி. கை முட்டிய மேல தூக்கு. வளையத்தப் பாக்காத, அதுக்குப் பின்னாடி தெரியற அந்த லைட்டுக் கம்பத்தப் பாரு."

முழங்கையைப் பிடித்துச் சரிசெய்து, தோளை ஒரு தட்டுத் தட்டினாள். பந்து போனது, உள்ளே விழுந்தது. அந்தப் பெண் முதலில் துள்ளியது, அப்புறம் இவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது. மிச்ச நாலு கோலையும் அவளே பந்து பொறுக்கிக் கொடுத்துப் போடவைத்தாள். ஷாமியானாவில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பி டீமோடு தோற்கும் வேலை இன்னும் பாக்கி இருந்தது. செயலாளர் பெரிய மனசு பண்ணி, அதை ஆடாமலே எழுதிக்கொள்கிறேன் என்றார்.

அந்த வருஷம் டாக்டர் மகளுக்குக் கால்நடை மருத்துவத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. ஸ்கூல்காரர்கள் பெரம்பலூரில் மட்டுமில்லாமல் ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டிலும் பிளெக்ஸ் வைத்தார்கள். பந்தோடு அந்தப் பெண்ணின் படம், 'திறமைக்குக் கிடைத்த மகுடம்' என்று கொட்டை எழுத்து. எங்கள் பெண்ணுக்கு இடம் இல்லை. கலைக் கல்லூரியில் வரலாறு கிடைத்தது, சேர்ந்துவிட்டாள்.

ஒரு நாள் சாயங்காலம் அந்த பிளெக்ஸுக்குக் கீழேயே அவளைப் பார்த்தேன், காலேஜிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். படத்தை நிமிர்ந்து பார்த்தேன், அவளும் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, நிஜமான கவலைதான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"காலேஜ் டீம்ல ஆடச் சொல்லுவாங்கல்ல டீச்சர்? பாவம், என்னா பண்ணும் அந்தக்கா? அங்க எதுத்தாப்புல இருக்கறவங்க கையக் கட்டிக்கிட்டு நிப்பாங்களா?"

"நிப்பாங்கடி" என்றேன். "நாம நிக்கல?"